சாப்பிடாமல் போனவர்கள்

1

தமிழர்கள் விருந்தோம்பலில் சிறந்தவர்கள் என்று சொல்லாத மேடை இல்லை. திருக்குறளில் 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல். தொல்காப்பியம் விருந்து என்ற சொல்லைப் புதுமை என்ற பொருளில் ஆளுகிறது. முன்பின் தெரியாத புது ஆளை வாசலில் எதிர்கொண்டு, இலை போட்டு, அவர் வயிறு நிறைந்த பிறகு தான் சாப்பிடுவது இல்லறத்தின் இலக்கணம் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வள்ளுவர் ஒரு படி மேலே போகிறார். முகம் மாறிப் பார்த்தாலே விருந்தாளி வாடிப்போவான், பார்த்து நடந்துகொள் என்கிறார்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இந்த அறம் முழுக்க விருந்து வைக்கிறவருக்குச் சொன்னது. விருந்துக்கு வருகிறவருக்கு என்ன கடமை? விருந்தாளியின் முகம் வாடிவிடக் கூடாது என்று இவ்வளவு கவலைப்பட்டவர்கள், விருந்து வைத்தவரின் முகம் வாடுவதைப் பற்றி ஏன் யோசிக்கவில்லை? இலை போட்டுக் காத்திருந்த வீட்டில் தண்ணி கூடக் குடிக்காமல் எழுந்து போகிறவருக்கு எந்த அதிகாரத்தில் என்ன எழுதியிருக்கிறது?

யோசிக்காததற்குக் காரணம் இருக்கிறது. நம் இலக்கியத்தில் விருந்து வைக்கிறவருக்கு வீடு இருக்கும், நெல் இருக்கும், ஊருக்குள் இடம் இருக்கும். அவர் வீட்டுச் சோற்றை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விருந்து வைக்கிறவரே சேரியில் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

பெரிய புராணத்தில் திருநீலநக்கர் கதையைச் சொல்லி, பாருங்கள், அந்தக் காலத்திலேயே சமத்துவம் இருந்தது என்பார்கள். சம்பந்தர் தன்னோடு வந்த நீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவிக்கும் தங்க இடம் தரச் சொல்கிறார். அந்தணரான நீலநக்கர் வீட்டுக்குள்ளேயே வேள்வித் தீ எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் இடம் தருகிறார். நல்ல கதைதான். ஆனால் நீலநக்கர் பாணர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டதாக அந்தக் கதையில் இல்லை. மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவருக்குக் கொடுத்தால் அது புண்ணியம், புராணத்தில் ஏறும். கீழே இருக்கிறவர் வீட்டுப் பானையிலிருந்து மேலே இருக்கிறவர் வாங்கிச் சாப்பிட்டால்?

சோறு கீழ்நோக்கித்தான் ஓடும். இதுதான் சாதியின் முதல் பாடம். மெக்கிம் மேரியட் என்ற அமெரிக்க மானிடவியலாளர், வட இந்தியக் கிராமம் ஒன்றில் யார் யாருக்குச் சோறு கொடுக்கிறார்கள், யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்று கட்டம் கட்டமாகப் போட்டு, அதை வைத்தே சாதிப் படிக்கட்டைக் கணக்கிட்டுக் காட்டினார். கட்டுரை 1968இல் வெளிவந்தது. எங்க ஆயாவுக்கு அந்தக் கட்டம் தேவைப்படவில்லை. "அவுங்க போட்டா நாம வாங்கிக்கணும், நாம போட்டா அவுங்க வாங்கிக்க மாட்டாங்க. அம்புட்டுதான்" என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்கணும். கெடார் சுற்று வட்டாரத்தில் நெல், கரும்பு, மல்லாட்டை எல்லாம் விளைகிறது. நாத்து நட்டது எங்கள் கை. களை எடுத்ததும், அறுத்ததும், கட்டு சுமந்ததும், தூத்தியதும் எங்கள் கை. மல்லாட்டைக் கொடியை ஆய்ந்ததும் எங்கள் கைதான். நெல்லாக இருக்கும்வரை அதற்குத் தீட்டு கிடையாது. மூட்டையாகி வீட்டுக்குள் போகலாம், சாமிக்குப் படைக்கலாம். அதே நெல்லை அரிசியாக்கி எங்கள் அடுப்பில், எங்கள் பானையில் வேகவைத்தால் தீட்டு வந்துவிடுகிறது. நெருப்பு சுத்தப்படுத்தும் என்று சொல்லுகிற அதே மதத்தில், எங்கள் வீட்டு நெருப்பு மட்டும் அசுத்தப்படுத்துகிறது!

2

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது ஒரு ராத்திரி.

போன காணும் பொங்கலுக்கு வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சொந்தக்காரர்கள், காலனியில் பத்து வீடு, என்னோடு வேலை செய்கிறவர்கள் ஐந்து பேர். அம்மா விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்துவிட்டது. நமக்குக் கறிக்குழம்பு ஒரு அடுப்பில். வேலை செய்யுமிடத்திலிருந்து வருகிறவர்களுக்காகச் சைவம் தனியாக, தனி அடுப்பில். அதற்கென்று கடையில் போய்ப் புது எவர்சில்வர் பாத்திரம் வாங்கி வந்திருந்தது. "கறி வெந்த பாத்திரம்னு யாரும் நெனைக்கக் கூடாது பாரு" என்றது. பாத்திரத்தில் என்ன வெந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை, யாருடைய பாத்திரம் என்றுதான் பார்ப்பார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் வாங்கியது.

ஐந்து பேரும் வந்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. பழம் வாங்கி வந்தார்கள், பிள்ளைக்கு சாக்லேட் கொடுத்தார்கள், வீட்டைச் சுத்திப் பார்த்து நல்லா கட்டியிருக்கீங்க என்றார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்று பேர் சாப்பிடவில்லை.

"ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க சார், நல்ல நாளு" என்றது அம்மா.

"இருக்கட்டும்மா, இப்பதான் வீட்ல சாப்ட்டு வந்தோம்" என்றார் ஒருவர். இன்னொருவர் தைப்பூசம் வரைக்கும் விரதம் என்றார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். கடைக்கு ஆள் அனுப்பி கலர் வாங்கி வரச் சொன்னோம். அதை மூன்று பேரும் குடித்தார்கள். மூடி போட்ட பாட்டில். கம்பெனியில் அடைத்தது. அதற்குத் தீட்டு இல்லை. விரதமும் இல்லை.

ராத்திரி கடைசி பஸ்ஸுக்கு சொந்தக்காரர்கள் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கொல்லையில் குழாயடியில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து மிச்சமிருந்த வாழையிலைகளை அடுக்கி நனைந்த துணியில் சுற்றியது. சைவக் குழம்பு முக்கால் பாத்திரம் மிச்சம். புதுப் பாத்திரம். அதை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திருவிழா முடிந்த வீட்டில் ஒரு களைப்பு இருக்கும், அது சந்தோஷமான களைப்பு. அன்றைக்கு அதற்குள் வேற ஏதோ இருந்தது. எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

எட்டு வயசு மகள் கேட்டாள்: "ஏம்மா, அந்த சார் ஏன் சாப்புடாம போயிட்டாரு? ஆயா செஞ்சது நல்லா இல்லியா?"

அம்மா சட்டென்று, "அவருக்கு வயிறு சரியில்லியாம் கண்ணு" என்றது.

நான், "இல்ல பாப்பா, நம்ம வீட்ல சாப்புடக் கூடாதுன்னு நெனச்சிப் போயிட்டாரு. சாதி பாக்குறாரு. ஆயா செஞ்சது நல்லாதான் இருந்துச்சி" என்றேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளை தூங்கிய பிறகு கேட்டது: "கொழந்தகிட்ட இன்னாத்துக்கு அத சொல்ற? அந்தாளு புள்ளயும் இவளும் ஒரே வகுப்பு. நாளைக்கி அதுங்க ரெண்டும் சேந்து வெளையாட வேணாமா?"

இந்தக் கேள்வியைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

3

முதலில் அம்மாவின் பொய்யைப் பற்றி. அது கோழைத்தனம் என்று நம்முடைய இளைஞர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டபோது அம்மா கல்யாணமாகாத பெண். அந்த வாரம் காலனியில் யாரும் விளக்கு ஏற்றவில்லை என்று சொல்லும். ஒரு சின்ன வார்த்தை எங்கே போய் நிற்கும் என்பதைப் பார்த்த தலைமுறை அது. அவர்கள் சொல்லுகிற பொய் ஒரு வேலி. அந்த வேலியைப் போட்டுத்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள்.

ஆனால் அந்தப் பொய்யில் வேலை யாருக்கு என்று பாருங்கள். விரதம் என்று பொய் சொன்னவர் அதோடு போய்விட்டார். அந்தப் பொய்யை நம்புகிற மாதிரி நடிக்கிற வேலை எங்களுக்கு. ஐயோ விரதமா, சரி சார், பரவால்ல சார் என்று முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொள்கிற வேலை எங்களுக்கு. கலர் வாங்கி வர ஆள் அனுப்புகிற வேலை எங்களுக்கு. அவர் போன பிறகு, பிள்ளை கேட்கும்போது, அவர் விட்டுப்போன பொய் பத்தாமல் நாங்களே புதுசாக ஒரு வயிற்றுவலியை உண்டாக்கி அவருக்குக் கொடுக்கிறோம். அவமானப்பட்டவர்கள், அவமானப்படுத்தியவரின் மானத்தைக் காப்பாற்றுகிறோம். கூலியில்லாத எத்தனையோ வேலைகளை நம் தலையில் சாதி கட்டியிருக்கிறது. சாவு சொல்லப் போனது, செத்த மாடு தூக்கியது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இந்த வேலை கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குள், திண்ணையில், ராத்திரியில் நடக்கிறது.

இதில் பெண்களின் பங்கு தனி. சோற்றை மறுக்கும்போது முதலில் மறுக்கப்படுவது சமைத்தவளின் கை. வீட்டு ஆம்பளைக்குக் கோபப்பட ஒரு மேடை இருக்கிறது, சங்கம் இருக்கிறது, ஒரு பத்திரிகை இருக்கிறது. நாலு மணிக்கு எழுந்தவளுக்கு மிச்சக் குழம்பைச் சுட வைக்கிற அடுப்புதான் இருக்கிறது.

4

சரி, சாப்பிடாதது ஒரு குற்றமா? ஒருவர் எங்கே சாப்பிடணும், எங்கே சாப்பிடக் கூடாது என்பது அவர் விருப்பம் இல்லையா? படித்தவர்கள் கேட்கிற கேள்வி இது. கேட்கவேண்டிய கேள்விதான்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் கடைப்பிடிக்கக் கூடாது என்கிறது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் கடை, ஓட்டல், கிணறு, கோயில், ஆஸ்பத்திரி என்று பொது இடங்களைப் பட்டியல் போட்டது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்து 3ஆம் பிரிவைப் படியுங்கள். குற்றங்களின் பட்டியலில் முதலாவதாக நிற்பது வாய்தான்: சாப்பிடத் தகாததை, அருவருப்பானதைச் சாப்பிடவோ குடிக்கவோ கட்டாயப்படுத்துவது. இந்த நாட்டில் அப்படி ஒரு சட்டம் எழுதவேண்டி வந்தது. எழுதிய பிறகும் 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் அது நடந்தது. ஆக, எங்கள் வாயில் எதைத் திணிக்கக் கூடாது என்று சட்டம் சொல்லும். எங்கள் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடு என்று எந்தச் சட்டமும் யாரையும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. கட்டாயப்படுத்தி ஊட்டுகிற சோறு விருந்து ஆகாது.

அதனால் இது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற விஷயம் இல்லை. அறத்தின் விஷயம். ஒருவர் பசியில்லை என்று மறுப்பது வேறு. கறி சாப்பிட மாட்டேன் என்று மறுப்பது வேறு. அங்கெல்லாம் சோற்றைப் பார்த்து முடிவு நடக்கிறது. இங்கே சோற்றைப் பார்க்கும் முன்பே, எங்கள் வாசலுக்கு வரும் முன்பே, ஏன், நான் பிறக்கும் முன்பே முடிவு நடந்துவிட்டது. என்ன சமைத்தாலும், எந்தப் பாத்திரத்தில் சமைத்தாலும் மாறாத முடிவுக்கு விருப்பம் என்று பெயர் வைப்பது சரியில்லை. விருப்பம் என்றால் ஒரு தடவையாவது மாறிப் பார்க்கக் கூடியதாக இருக்கணும்.

பொதுவிருந்து நடக்கிறதே என்பார்கள். ஆகஸ்ட் 15 அன்று அறநிலையத்துறைக் கோயில்களில் பொதுவிருந்து நடக்கிறது. அமைச்சர்கள், அதிகாரிகள் உட்கார்ந்து சாப்பிடுகிற படம் மறுநாள் பேப்பரில் வரும். சமபந்தி என்று அதற்கு முன்பிருந்தே பேர். பந்தி சமம்தான். பானை யாருடையது? கோயில் பானை. ஒரே வரிசையில் உட்காருவது ஒன்று, எங்கள் அடுப்பில் வெந்ததை வாங்கிச் சாப்பிடுவது இன்னொன்று. அரசாங்கம் முதலாவதைச் செய்து காட்டிவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாகக் கணக்குக் காட்டுகிறது.

பானை எங்கள் கைக்கு வந்தால் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமையலராக வந்தபோது ஆதிக்கச் சாதியினர் சமைக்கக் கூடாது என்று மறித்தார்கள். அதிகாரிகள் செய்த முதல் காரியம் அந்தப் பெண்ணை இடம் மாற்றியது. போராட்டம் நடந்த பிறகுதான் உத்தரவு திரும்பியது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருஷமே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர் பள்ளியில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். கலெக்டரே போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றை யோசியுங்கள். ஆறு வயசுப் பிள்ளைக்குச் சமைத்தவளின் சாதி எப்படித் தெரியும்? யாரோ வீட்டில், ராத்திரியில், திண்ணையில் உட்கார்ந்து சொல்லித் தந்திருக்கிறார்கள். ஊர்த்தெருவில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர யாரும் கூச்சப்படுவதில்லை. நாம் மட்டும்தான் நம்ம பிள்ளைகளிடம் வயிற்றுவலி என்கிறோம்.

சேர்ந்து சாப்பிட்டால் மட்டும் சாதி போய்விடுமா என்று கேட்கிற தோழர்கள் உண்டு. போகாது. அம்பேத்கர் 1936லேயே சொன்னார். லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்புச் சங்கம் அவரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டது. உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்துவிட்டு, மாற்றச் சொன்னது. அவர் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது என்றதும் மாநாட்டையே கைவிட்டது. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு இலையை எடுத்த கதைதான் அதுவும். அவர் அதைச் சொந்தச் செலவில் புத்தகமாகப் போட்டார். சாதியை ஒழிக்க எது என்று இரண்டாவது பத்தியில் தேடுகிறவர்களுக்கு அதில் தெளிவாக இருக்கிறது: சமபந்தி போதாது, கலப்பு மணம் வேண்டும், அதற்கும் மேலே சாத்திரங்களின் புனிதத்தை உடைக்க வேண்டும். சரி. சேர்ந்து சாப்பிடுவது வைத்தியம் இல்லை. ஆனால் அது நாடி பிடித்துப் பார்ப்பது. என் வீட்டுச் சோற்றைச் சாப்பிடாதவர் என் வீட்டில் பெண் எடுக்க மாட்டார், எனக்கு வீடு வாடகைக்கு விட மாட்டார், என் ஆளை அந்த நாற்காலியில் உட்கார விட மாட்டார். இலை ஒன்றுதான் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

5

இனி பிள்ளையின் கேள்விக்கு வருவோம். சொல்வதா, மறைப்பதா?

அம்மாவின் பக்கம் நியாயம் இருக்கிறது. பிள்ளை பிள்ளையாக இருக்கட்டும். காயத்தை நாமே ஏன் முதலில் கொடுக்கணும்? தெரியும்போது தெரிந்துகொள்ளட்டும்.

தெரியும்போது என்றால் எப்போது? அம்பேத்கர் தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதிய 1901ஆம் ஆண்டுப் பயணம் நம்மில் பலருக்குத் தெரியும். ஒன்பது வயசு. அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலில் மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். நல்ல சட்டை, ஜரிகைத் தொப்பி. யார் பிள்ளைகள் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்கிறார். மகர் என்று சொன்னதும் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. இரண்டு பங்கு கூலி கொடுத்து, ஒருவழியாக ஒரு வண்டி. கூடையில் சாப்பாடு இருந்தது. தண்ணி தர ஆள் இல்லை. கூடை நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பசியோடு படுத்தார்கள்.

அதில் அவர் சொல்லுகிற ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். பள்ளியில் தனியாகக் கோணியில் உட்காருவது, பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணி என்பதெல்லாம் அதற்கு முன்பே அவருக்குத் தெரியும். ஆனால் அது உலக நடப்பு என்பது போல இருந்திருக்கிறது. அந்தப் பயணத்தின் அதிர்ச்சிதான் அவரை யோசிக்க வைத்தது.

சொல்லாமல் விட்டால் பிள்ளைக்குத் தெரியாமல் போகாது. தெரியும். ஆனால் அது தப்பு என்று தெரியாது. மழை பெய்வது போல, வெயில் அடிப்பது போல, சார்மார் நம்ம வீட்டில் சாப்பிட மாட்டார்கள் என்பதும் உலக நடப்பு ஆகிவிடும். இன்னொன்று அதைவிட மோசம். அவள் கேட்ட கேள்வியைத் திரும்பப் பாருங்கள். "ஆயா செஞ்சது நல்லா இல்லியா?" காரணம் சொல்லாவிட்டால் பிள்ளை தானாக ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கும். அந்தக் காரணம் எப்போதும் நம் பக்கமே இருக்கும். நம்ம சோறு நல்லா இல்லை, நம்ம வீடு நல்லா இல்லை, கடைசியில் நாம நல்லா இல்லை. வயிற்றுவலி என்ற பொய் பிள்ளையைக் காப்பாற்றுவதில்லை. அது காப்பாற்றுவது அந்த ஆளைத்தான்.

அதனால் சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். அவர் கெட்டவர் என்று சொன்னால் பிள்ளைக்குப் பயம் வரும். நாம் பாவம் என்று சொன்னால் தாழ்வு வரும். அவர் ஒரு தப்புச் செய்தார், அது அவருடைய தப்பு, ஆயா சோறு நல்ல சோறு. இவ்வளவு போதும். அவர் மகனோடு விளையாடலாமா என்று கேட்டால், தாராளமாக விளையாடு. அவன் இன்னும் எதையும் மறுக்கவில்லை. அவனை நம் வீட்டுக்குக் கூப்பிடு. தட்டில் சோறு போட்டுக் கொடு. அவன் சாப்பிட்டால் அவன் அப்பாவின் பாடம் அவனிடம் சேரவில்லை என்று அர்த்தம். சாப்பிடாவிட்டால் அவனிடமே ஏன் என்று கேள். பிள்ளைகள் பிள்ளைகளைக் கேட்பதைவிட நேரான விசாரணை வேறு இல்லை.

6

இனிமேல் கூப்பிடணுமா, வேண்டாமா? சுயமரியாதை உள்ளவள் எதற்குக் கூப்பிடணும், நம்ம ஜனங்களோட சந்தோஷமாச் சாப்பிட்டுப் போவோம் என்கிறார்கள் சிலர். நம்ம பொங்கல் அவங்க பரீட்சை எழுத வைக்கிற ஹால் இல்லை என்று என் தம்பி முறை ஒருவன் சொன்னான். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. நம் விருந்து நமக்காகத்தான். அவர்கள் வந்தால்தான் அது விருந்து என்று ஆகிவிடக் கூடாது. புதுப் பாத்திரம், தனி அடுப்பு எல்லாம் வேண்டாம். நாம் எதில் சாப்பிடுகிறோமோ அதிலேயே அவர்களுக்கும். எங்க பக்கம் சில கல்யாணங்களில் குடியானவங்களுக்கு என்று தனிச் சமையல்காரர் வைத்துத் தனிப் பந்தல் போடுகிறார்கள். நம் காசில் நமக்கே தீட்டுக் கட்டிக்கொள்வது அது. அதை நிறுத்தணும்.

ஆனால் கூப்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை. கூப்பிடாமல் விட்டால் மறுக்க வேண்டிய சங்கடமே அவர்களுக்கு இல்லாமல் போகும். இன்றைக்கு வரைக்கும் அவர்களுக்கு இருந்த பெரிய வசதியே அதுதான். கூப்பிடணும். சாப்பிடாவிட்டால் கலர் வாங்கி வர ஆள் அனுப்பக் கூடாது. சரி சார் பரவால்ல சார் என்று சொல்லக் கூடாது. சண்டையும் வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும். அந்த மௌனத்தின் கனத்தை அவரே தூக்கிக்கொண்டு பைக்கில் போகட்டும். இவ்வளவு காலம் நாம் தூக்கினோம்.

சாப்பிட்ட இரண்டு பேரைப் பற்றி ஒன்று சொல்லணும். அதில் ஒருவர் குழம்பில் காரம் ஜாஸ்தி என்றார். மோர் கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு, துண்டு எங்கே என்று கேட்டார். தான் ஒரு தலித் வீட்டில் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே முகத்தில் இல்லை. நம் வீடுகளில் போட்டோகிராபரோடு வந்து சாப்பிடுகிற தலைவர்களைப் பார்த்திருக்கிறோம். 2017இல் கர்நாடகத்தில் அப்படி ஒரு தலைவர் சாப்பிட்ட இட்லி ஓட்டலிலிருந்து வந்தது என்று செய்தி வந்தது. அந்தத் தலைவர்களுக்கு நம் சோறு நல்லா இருந்தது என்று சொல்லத் தெரியும். காரம் ஜாஸ்தி என்று சொல்லத் தெரியாது. குறை சொல்லுகிற உரிமையோடு சாப்பிடுகிறவர்தான் சமமாகச் சாப்பிடுகிறவர். அவருக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. சாப்பிட்டதற்கு நன்றி என்று நாம் நெகிழ்ந்து போனால், சாப்பிடாததை இயல்பு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

கடைசியாக, நம் தெருவுக்குள் ஒரு பேச்சு. மைக்கேல் மோஃபட் என்ற அமெரிக்கர் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துச் சேரியில் ஆராய்ந்து 1979இல் ஒரு புத்தகம் போட்டார். தீண்டப்படாதவர்கள் சாதி ஒழுங்கை மனசார ஏற்றுக்கொண்டு தங்களுக்குள்ளும் அதை நகல் எடுத்திருக்கிறார்கள் என்று எழுதினார். மனசார என்பதை நான் ஏற்க மாட்டேன். பயத்தையும் பசியையும் ஒப்புதல் என்று படித்தது அவர் குறை. ஆனால் அவர் பார்த்த படிக்கட்டு பொய் இல்லை. நமக்குத் துணி வெளுத்து, நம் சாவுக்கும் பிறப்புக்கும் வேலை செய்து, ராத்திரியில் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கிய புதிரை வண்ணார் குடும்பங்கள் நம் சேரிகளின் ஓரத்தில் இருந்தன. இன்றும் இருக்கின்றன. அவர்களுக்கு நாம் போட்ட சோறு எவ்வளவு என்று கணக்குச் சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்கள் அடுப்பில் வெந்த சோற்றை நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்? சோறு கீழ்நோக்கித்தான் ஓடும் என்ற பாடத்தை நாமும் யாருக்கோ நடத்திக்கொண்டிருக்கிறோமா?

அந்த வீடுகளிலும் பண்டிகை வருகிறது. அவர்களும் இலை போடுகிறார்கள். எல்லாரும் போன பிறகு அங்கேயும் ஒரு பிள்ளை, அந்தத் தெரு அக்கா ஏம்மா சாப்புடல என்று கேட்கும். அதற்கு அந்தத் தாய் வயிற்றுவலி என்று நமக்காக ஒரு பொய் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. அவர்கள் கூப்பிடும்போது போவோம். உட்காருவோம். காரம் ஜாஸ்தி என்றால் சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்குவோம்.